சேமியாக்காரி அக்கா வீட்டுக்குப் போன கதை

தொடரின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் அதன் ரசிகர்கள் விழுப்புரம் வரை தேடி வந்து எங்கள் வாசலில் நின்றாலும் நிற்பார்கள். அந்த அளவுக்கு அதை மாற்றி வைத்திருக்கிறேன்.

ஜப்பானிய அனிமே அது. சரியாகச் சொன்னால், ஒரு பெரிய அனிமேயிலிருந்து பிரிந்து வந்த கிளைத் தொடர். பெரிய தொடரில் ஒரு நகரம். அங்கே பிறக்கிற எல்லோருக்கும் ஏதாவது ஒரு சக்தி இருக்கும். ஒருவன் பறப்பான், ஒருத்தி மலையைப் பிளப்பாள். சக்தி உள்ளவர்களைச் சேர்த்துக்கொண்டு பாடம் நடத்த மாடமாளிகை மாதிரி ஒரு பள்ளிக்கூடம். படித்து முடித்தால் லைசென்ஸ். லைசென்ஸ் இருந்தால்தான் ஊரைக் காப்பாற்றலாம். கிளைத் தொடரும் அதே நகரத்தில்தான் நடக்கிறது. ஆனால் இதில் வருகிறவர்கள் ஒரு பழைய கடைத்தெருவில் இருப்பவர்கள். இவர்களுடைய சக்தி மிகவும் சின்னது என்று அந்தப் பள்ளிக்கூடம் கதவைச் சாத்திவிட்டது. லைசென்ஸ் இல்லாமலே சாயங்காலத்தில் தெருவைச் சுற்றி வந்து, தங்களால் ஆனதைச் செய்வார்கள்.

முதலில் எனக்கு இது பிடிக்கவே இல்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எனக்கு முன்னால் எல்லோரும் ஒன்றாம் வகுப்போடு கழனிக்குப் போனவர்கள். நான் படித்துப் பட்டம் வாங்கி, திண்டிவனத்தில் ஒரு பைக் ஷோரூமில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் இடம் பிடிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரிந்த என்னிடம் வந்து, இடம் கிடைக்காதவர்களைப் பற்றிக் கதை சொன்னால்? பெரிய தொடர்தான் தொடர், இது அதன் பேரைச் சொல்லிப் பிழைக்க வந்தது என்று தீர்ப்பு எழுதிவிட்டேன்.

அந்தத் தீர்ப்பை மாற்றியவர்கள் என் அம்மாவும் அத்தையும்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. பக்கத்து வீடு. விதைப்புக்கு முன்னால் வியாபாரி மல்லாட்டை மூட்டைகளை, அதாவது வேர்க்கடலை மூட்டைகளை, எங்கள் தெருவில் இறக்கிவிட்டுப் போவார். விதைக்கு வேண்டிய பருப்பில் கீறல் விழக்கூடாது, அதனால் மிஷினில் போட மாட்டார்கள். பெண்கள் உட்கார்ந்து கையால்தான் உடைக்க வேண்டும். விரல் நுனி புண்ணாகிற வேலை. கண்ணும் கையும் மல்லாட்டையிடம் மாட்டிக்கொண்டிருக்கும், காது மட்டும் சும்மா இருக்கும். அந்தக் காதுக்குத்தான் நான் அனிமே போட்டேன்.

பெரிய தொடருக்குத் தமிழ்க்குரல் உண்டு. போனை மல்லாட்டை அளக்கிற படி மேல் சாய்த்து வைத்துவிட்டால் தானே பேசிக்கொள்ளும். கிளைத் தொடர் வந்தபோது தமிழ் இல்லை. ஜப்பான் பேச்சு, அடியில் ஆங்கில எழுத்து. அதைப் படித்து உடனுக்குடன் தமிழில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. விழவில்லை, நானே எடுத்துப் போட்டுக்கொண்டேன். எங்கள் வீட்டில் பஸ் போர்டிலிருந்து மாத்திரை அட்டை வரைக்கும் படித்துச் சொல்வது நான்தான். கேஸ் சிலிண்டர் மெசேஜுக்குக்கூட அம்மா போனை என் முகத்துக்கு நேரே நீட்டுவாள். நான் சொன்னால் அது சொன்னதுதான், மேல் விசாரணை கிடையாது.

காலையில் திண்டிவனம் போகும் பஸ்ஸில் ஒரு எபிசோடைப் பார்த்துவிடுவேன். திரும்பி வரும்போது மனதுக்குள் வசனம் எழுதுவேன். சாயங்காலம் அரங்கேற்றம். கதாநாயகனுக்கு எங்கள் கண்டக்டரின் குரல், வில்லனுக்கு என் மேனேஜரின் குரல்.

நான் எதிர்பார்க்காதது, இவர்கள் அந்தச் சின்னச் சக்திகளை எடுத்துக்கொண்ட விதம். கதாநாயகனின் சக்தி, ஈரமானதைத் தொட்டால் உலர்ந்துவிடும். அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் அவனைப் பார்த்துச் சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

அத்தை உடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "இவனயா வேணாம்னுட்டாங்க? பூமிய பொளக்கறவன வெச்சிக்கினு இன்னா பண்றது? இவன ஐப்பசில நம்ம களத்துக்கு அனுப்பு. ஒரு மூட்ட மல்லாட்ட பூசணம் புடிக்குமா?"

"அத்த, அது லைசென்ஸ் குடுக்கற அளவுக்குச் சக்தி இல்லையாம்."

"லைசென்ஸ் குடுக்கறவன் மழைல நெல்ல காய வெச்சிருந்தா தெரியும்."

இதுதான் கிளைத் தொடரின் முதல் பலம். பெரிய தொடரில் ஒருவன் பறந்தால், வாயைப் பிளந்து பார்க்கலாம், அவ்வளவுதான். இவர்கள், ஒருவன் ஈரத்தை உலர்த்துவதையும் இன்னொருத்தி மூச்சை அடக்கினால் மறைந்துபோவதையும் வைத்துக்கொண்டு ஒரு முரடனை மடக்க வேண்டும் என்றால் யோசிக்க வேண்டியிருக்கிறது. பார்க்கிறவர்களும் கூடவே யோசிக்கிறோம். அம்மாவும் அத்தையும் ஒவ்வொரு சண்டைக்கு நடுவிலும் யோசனை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சில யோசனைகள் கதை எழுதியவருடையதைவிட நன்றாகவே இருந்தன.

அப்புறம் வந்தாள் சேமியாக்காரி. கடைத்தெரு முனையில் நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் நடுவயதுப் பெண். நூடுல்ஸ் என்று நான் படித்துச் சொன்னாலும் அம்மா அதைச் சேமியா என்றே முடிவு செய்துவிட்டாள். அந்தப் பெண்ணின் சக்தி, கையில் சூடு தெரியாது. கொதிக்கிற தண்ணீரில் கைவிட்டுச் சேமியாவை அள்ளுவாள்.

"இதுக்குப் பேரு சக்தியா? நானு தெனமும்தான் களிச் சட்டிய வெறுங்கையால எறக்கறேன்" என்றாள் அம்மா.

"அப்போ நீயும் லைசென்சுக்கு எழுதிப் போடு அண்ணி."

"எழுதிப் போடறதுக்கு ஆளு வளத்து வெச்சிருக்கேன் இல்ல?" என்று அம்மா என்னைப் பார்த்து முகவாயை நீட்டினாள். அன்றிலிருந்து சேமியாக்காரி அம்மாவின் ஆள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பெரிய தொடரின் நாயகர்கள் அவ்வப்போது வந்து தலையைக் காட்டுவார்கள். வந்ததும் இசை உயரும், எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். கதைக்கு அவர்களால் ஒரு பிரயோசனமும் இருக்காது. "கல்யாணத்துக்கு வந்த பெரிய மனுஷனாட்டம் போட்டோ புடிச்சிக்கினு சாப்பிடாம போறான் பாரு" என்பாள் அத்தை. நடுவில் சில எபிசோடுகள் பழைய நினைவுகளாகவே ஓடின. கூட்டத்தைக் காட்டும்போது யாரும் அசையவே மாட்டார்கள். படம் வரைகிறவர்களுக்குக் கை ஓய்ந்துவிட்டது போல. "இவங்கள்லாம் ஏன் ஆடாம நிக்கறாங்க, கரண்டு போச்சா?" என்று அத்தை கேட்டபோது, "இன்ஸ்பெக்டர் வர்றார்னு பயந்து நிக்கறாங்க" என்று இல்லாத ஒரு இன்ஸ்பெக்டரை நான் வரவழைத்தேன். என் முதல் திருத்தம் அது. நன்றாக எடுபட்டது. பழைய நினைவுகள் ஓடியபோது வசனத்தை முழுக்க நானே எழுதினேன். மூலத்தைவிட மேல் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

ஆனால் பெரிய குறை ஒன்று உண்டு. இந்தக் கதை, பெரிய தொடருக்குச் சில ஆண்டுகள் முன்னால் நடப்பது. பெரிய தொடரில் இந்தக் கடைத்தெரு ஆட்கள் யாருமே கிடையாது. அதனால் கதை எழுதியவர் இவர்களை ஏதாவது செய்து முடித்துவைக்க வேண்டும். பெரிய கதையில் பெயர் இல்லாதவர்கள் சின்னக் கதையில் பிழைத்துக் கிடக்கக்கூடாது. இந்தச் சூட்சுமம் எனக்குப் புரிந்தது விக்கிரவாண்டி டோல்கேட்டில், பஸ் நின்றுகொண்டிருந்தபோது. கையிலிருந்த போனில் சேமியாக்காரி செத்துப்போனாள்.

அந்த வாரம்தான் அம்மாவின் கழுத்தில் இருந்த கட்டிக்கு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு நீர் எடுத்திருந்தார்கள். சோதனை முடிவு இன்னும் வரவில்லை. மல்லாட்டை உடைக்கும்போது இடையிடையே அம்மாவின் கை கழுத்துக்குப் போய்விட்டுத் திரும்பியது.

அன்று சாயங்காலம் நான் போனைப் படி மேல் சாய்த்து வைத்தேன். சேமியாக்காரியின் கடை பூட்டியிருக்கிறது, வெளியே எல்லோரும் நின்று அழுகிறார்கள்.

"ஏன் அழுவறாங்க?" என்றாள் அம்மா.

"சேமியாக்காரி ஊருக்குப் போயிட்டாம்மா. அவங்க அக்கா வூட்டுக்கு."

"கடை பூட்டியிருந்தா இப்படியா அழுவாங்க?" இது அத்தை.

"நல்ல சேமியா, அத்த."

அடுத்த காட்சியில் அவளுடைய போட்டோ. முன்னால் ஊதுபத்தி. எனக்கு வியர்த்தது. ஆனால் நாக்கு படித்த நாக்கு, நிற்கவில்லை. "ஜப்பான்ல யாராவது தூரமாப் போனா, நல்லபடியாத் திரும்பி வரணும்னு போட்டோவுக்கு ஊதுபத்தி ஏத்துவாங்க."

அத்தை என்னை உற்றுப் பார்த்தாள். "சத்தியமா?"

"சாமி சத்தியமா."

அம்மா ஒரு பிடி மல்லாட்டையை அள்ளி முன்னால் போட்டுக்கொண்டாள். "போவட்டும். எத்தினி நாளுதான் அடுப்புலயே நிப்பா. அக்கா வூட்ல ரெஸ்ட் எடுக்கட்டும்."

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். எங்கள் முறை வந்ததும் அம்மா பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. "நீயே உள்ள போய் கேட்டுக்கினு வா. அவங்க பேசறது உனக்குத்தான் புரியும்" என்றாள். டாக்டர் சொன்னது ஒரு நிமிஷத்தில் முடிந்தது. சாதாரணக் கட்டி, பயப்பட ஒன்றும் இல்லை, தீபாவளி கழித்து வந்து ஒருமுறை காட்டினால் போதும். வெளியே வந்து அப்படியே அம்மாவிடம் சொன்னேன். அதில் ஒரு எழுத்தைக்கூட நான் திருத்தவில்லை. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஜல்தி வா, பஸ்ஸு போயிடும்" என்றாள்.

இத்தோடு முடிந்திருக்கும். திண்டிவனத்தில் இருக்கும் சின்னம்மா தன் பேரனுக்குக் காது குத்தாமல் இருந்திருந்தால்.

சின்னம்மா வீட்டில் பெரிய டிவி உண்டு. விசேஷத்துக்கு அம்மா காலையிலேயே போய்விட்டாள். நான் ஷோரூமிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே போனேன். செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது. இவ்வளவு உற்சாகமாக அம்மா பேசி நான் கேட்டதில்லை.

"இரு இரு, நான் சொல்றேன் பாரு. இப்போ இவ அக்கா வூட்டுக்குப் போவப் போறா."

டிவியில் சேமியாக்காரி. சுற்றிலும் பிள்ளைகள், சாப்பாட்டுக்குக் காத்திருக்கும் உறவுக்காரர்கள், நடுவில் தரையில் அம்மா. கிளைத் தொடருக்கும் தமிழ்க்குரல் வந்துவிட்டிருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. செருப்பைத் திரும்ப மாட்டிக்கொள்ளலாமா என்று யோசித்தேன்.

கடை பூட்டியிருக்கும் காட்சி வந்தது. கதாநாயகன் அழுதுகொண்டே, அக்கா இனிமேல் வரவே மாட்டாங்க என்று சுத்தமான தமிழில் சொன்னான். அம்மா விடவில்லை. "வருவா வருவா. ஊருக்குத்தான் போயிருக்கா. இப்போ பாரு, போட்டோவுக்கு ஊதுபத்தி ஏத்துவாங்க. ஜப்பான்ல ஊருக்குப் போறவங்களுக்கு அப்படித்தான்."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டன. ஒரு பெண் குழந்தை சொன்னது. "ஐயோ பெரியாயா, அவங்க செத்துட்டாங்க. நீங்க இன்னா சொல்றீங்க?"

வீடே சிரித்தது. சின்னம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "இன்னாக்கா, செத்தவளுக்கு டிக்கெட் எடுத்துக் குடுக்கற?" என்றாள். இன்னும் பெரிய சிரிப்பு. அம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே திரும்பி, வாசலில் நிற்கும் என்னைப் பார்த்தாள். அப்புறம் சிரிக்கவில்லை.

நான் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அம்மாவோடு பஸ் ஏறினேன். விக்கிரவாண்டி தாண்டும் வரை அம்மா டிக்கெட்டை மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்து நான் பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். கதை எழுதியவர் செய்தது அநியாயம், நான் செய்தது திருத்தம் என்று நல்ல வாதம் இருந்தது. பஸ் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. அம்மா ஜன்னல் வழியாக அதைப் பார்த்தாள்.

"அன்னிக்கு உள்ள போய் கேட்டுக்கினு வந்தியே, டாக்டரு இன்னா சொன்னாரு?"

"சாதாரணக் கட்டின்னுதானே சொன்னேம்மா."

"அது அன்னிக்குச் சொன்னது. இப்போ நெஜத்தச் சொல்லு."

"அதான் நெஜம். சத்தியமா."

"ஊதுபத்திக்கும் சத்தியம் பண்ணினே."



அம்மாவின் கணக்கு நேரானது. கட்டிக்கு ஊசி போட்ட வாரத்தில்தான் சேமியாக்காரி ஊருக்குப் போனாள். அம்மா பயப்படக்கூடாது என்று ஒருத்தியின் சாவையே மறைத்தவள், இன்னொருத்தியின் சாவை மட்டும் ஏன் சொல்லப்போகிறாள்? நான் மறுக்க மறுக்க அவளுக்கு உறுதியானது. டாக்டர் கொடுத்த அறிக்கையைப் படித்துக் காட்டினேன். "படிக்கிறது நீதானே" என்றாள். போனில் மொழிபெயர்த்துப் பேசவைத்துக் காட்டினேன். "போனும் உன்னுதுதானே" என்றாள்.

வீட்டில் அம்மா அழவில்லை, அதுதான் பேஜாராக இருந்தது. அத்தையிடம் தன் நல்ல புடவையைக் கொடுத்து, "கட்டிக்க, எனக்கு இன்னாத்துக்கு" என்றாள். மிளகாய்த்தூளுக்கு எவ்வளவு மல்லி போட வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தர ஆரம்பித்தாள். அத்தை புடவையை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"ஏன்டி, நெஜமாவே ஒண்ணும் இல்லையா?"

"அத்த, நீயுமா?"

"நான் இன்னாத்தக் கண்டேன்? அந்த இன்ஸ்பெக்டராவது நெஜமா வந்தாரா?"

என் தலை கவிழ்ந்தது. அத்தை உடனே, "அதுவும் பொய்யா! நல்லாத்தான் இருந்தாரு அந்தாளு" என்று உதட்டைப் பிதுக்கினாள். புடவையை மட்டும் திருப்பித் தரவில்லை.

தீபாவளி வரை காத்திருக்க முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த திங்கட்கிழமை அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். "நீயே உள்ள போ. நீயே கேளு. நான் வரல" என்றேன். அம்மா பயந்தாள். "அவங்க இங்கிலீஷ்ல பேசினா?" "தமிழ்ல சொல்லுங்கன்னு சொல்லு. புரியற வரைக்கும் எழுந்திரிக்காத." அம்மா மஞ்சள் பையை என் மடியில் வைத்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, சண்டைக்குப் போகிறவளைப் போல உள்ளே போனாள்.

நான் போனபோது ஒரு நிமிஷத்தில் முடிந்த பேச்சு அது. அம்மா வரவே இல்லை. அடுத்த டோக்கன்காரர் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு என்னிடம், "உள்ள ஒரு அம்மா டாக்டரையே கேள்வி கேட்டுக்கினு கீறாங்க" என்று சலித்துக்கொண்டார். முதலில் எனக்குப் பெருமையாக இருந்தது, அப்புறம் சந்தேகம் வந்தது. நான் உள்ளே போனபோது டாக்டர் அவசரத்தில் எதையாவது விட்டுவிட்டிருந்தால்? நான்தான் சரியாகக் கேட்காமல் வந்திருந்தால்? வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, இன்னொருவர் வந்து சொல்லப்போவதற்குக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அம்மா வெளியே வந்தாள். முகம் கல் மாதிரி இருந்தது. மெதுவாக நடந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பையை வாங்கிக்கொள்ளவில்லை.

"இன்னாம்மா சொன்னாரு?"

அம்மா எதிர்ச் சுவரைப் பார்த்தாள். "ஒண்ணுமில்லடி. அக்கா வூட்டுக்குப் போவச் சொன்னாரு."

பை மடியிலிருந்து நழுவி, தண்ணீர் பாட்டில் உருண்டு எங்கோ போனது. ஏதோ கேட்க வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்போதுதான் அம்மாவின் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். அவள் அழவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தாள். அடக்க முடியாமல் கடைசியில் வாய்விட்டே சிரித்தாள். அமைதியாக இருக்கச் சொல்லி வாட்ச்மேன் வந்தார்.

"எப்படி இருந்துச்சு? எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்றாள்.

"அம்மா!"

"சாதாரணக் கட்டிதானாம். கட்டி அதும்பாட்டுக்கு இருக்கும், நீ உன்பாட்டுக்கு இரும்மான்னாரு. நீ சொன்னதேதான்." பாட்டிலை எடுத்து வந்து மூடியைத் திருகினாள். "ஆனா நீ ஒரு நிமிஷத்துல ஓடியாந்துட்டே. நான் களி சாப்பிடலாமா, மூட்ட தூக்கலாமான்னு எல்லாத்தையும் கேட்டேன். அத்தினிக்கும் பதில் வாங்கினப்புறம்தான் எழுந்தேன்."

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது ஒப்பந்தம் போட்டாள். இனிமேல் எதைப் படித்தாலும் முதலில் அதில் இருப்பதைச் சொல்ல வேண்டும். அப்புறம், அது பிடிக்கவில்லை என்றால் என் திருத்தத்தைச் சொல்லலாம். இரண்டையும் கேட்டு எது நல்லது என்று அவளும் அத்தையும் முடிவு செய்வார்கள். நான் ஒப்புக்கொண்டேன். என் சரக்கின் மேல் எனக்கு நம்பிக்கை உண்டு.

அந்தத் தொடரைப் பற்றி யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான். சின்னச் சக்திகளை மதிக்கத் தெரிந்த தொடர், ஆனால் அந்தச் சின்ன மனுஷர்களைப் பெரிய கதைக்குப் பயந்து கொன்றுபோடுகிற தொடர். பெரிய தொடரைவிட நல்ல மனசு, கொஞ்சம் குறைந்த துணிச்சல். தாராளமாகப் பார்க்கலாம். முடிந்தால் மல்லாட்டை உடைத்துக்கொண்டே பாருங்கள்.

பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அம்மா என்னை முழங்கையால் இடித்தாள்.

"சரி, நெஜத்துல செத்துட்டா, ஒத்துக்கறேன். உன் கதைல இப்போ இன்னா பண்ணிக்கினு இருக்கா?"

"அக்கா வூட்ல ரெஸ்ட் எடுக்கறா."

"இத்தினி நாளா?" அம்மாவுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "அவ அப்படி உக்காந்து தின்னறவளா? போன மறுநாளே அங்கயும் கடை போட்டிருப்பா. நீ சரியா பாக்கல. மறுபடியும் மொதல்ல இருந்து சொல்லு."